கல்லூரி மாறும் பிள்ளைகளும் கைநழுவும் படிப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தபோது, சந்தா பாக்கி முதல் மின்கட்டணம் வரை ஒவ்வொரு ரூபாயையும் நாம் கூர்ந்து கேட்டோம். கேட்கத்தான் வேண்டும். ஆயினும், எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு நட்டம் நம் ஊரில் ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகிறது. கல்லூரியில் ஓராண்டோ ஈராண்டோ படித்துத் தேறிய பிள்ளைகள், ஊர் மாற நேர்ந்ததும் அந்தப் படிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தில் ஒரு நிக்காஹ் நடந்தது. மணமகள் பி.காம். படிப்பில் மூன்று பருவங்களை முடித்திருந்தார். ஒரு பாடத்திலும் அரியர் இல்லை. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் தொழில். "அங்கே போய்ப் படிப்பைத் தொடரட்டும்" என்று இரு வீட்டாரும் மனமொத்துப் பேசித்தான் தேதி குறித்தார்கள். அவர்களது எண்ணத்தில் குறையேதும் இல்லை. ஆனால் நிக்காஹ் நடந்தது தை மாதத்தில். நான்காம் பருவத்தின் நடுவே எந்தக் கல்லூரியும் மாணவரைச் சேர்ப்பதில்லை. ஜூன் மாதம் சென்று கேட்டபோது, "பல்கலைக்கழகம் வேறு, பாடத்திட்டம் வேறு, முதலாண்டில் புதிதாகச் சேருவதானால் சேருங்கள்" என்றார்கள். படித்த கல்லூரியிலோ, மீதமுள்ள கட்டணத்தைச் செலுத்தினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்ற நிலை. அப்பெண்ணின் அத்தா இரண்டு ஊர்களுக்குமாக ஏறி இறங்கிச் சலித்துவிட்டார். தேறிய மூன்று பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களும் இன்று பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பமிட்டவர்கள் நாம். மஹர் எவ்வளவு என்று கேட்டு எழுதினோம்; படிப்பு என்னவாகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் மாறிப்போகும் பொருள் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் 2008-09 கல்வியாண்டு முதல் கிரெடிட் முறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திற்கும் அதன் வகுப்பு நேரத்திற்கும் உழைப்பிற்கும் ஏற்ப இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்திற்கு ஏறத்தாழ 140 கிரெடிட் சேர வேண்டும். பாடத்தில் தேறினால் அதற்குரிய கிரெடிட் மாணவர் கணக்கில் ஏறும். இப்படி நேரத்தைக் கொண்டு படிப்பை அளக்கும் வழக்கம் அமெரிக்காவில், பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் அளிப்பதற்காக 1905-இல் கார்னகி ஏற்படுத்திய அறக்கட்டளையின் நிபந்தனைகளால் வேரூன்றியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எது கல்லூரி, எது பள்ளிக்கூடம் என்று பிரித்தறிய அவர்களுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அந்த அளவுகோலே பின்னர் உலகெங்கும் பரவியது.

இதற்கும் பன்னூறு ஆண்டுகள் முந்தியது, நாம் நன்கறிந்த இஜாஸா முறை. ஆசிரியர் இன்ன கிதாபை இன்னாருக்குக் கற்பித்தேன் என்று எழுதித் தரும் அனுமதியை எடுத்துக்கொண்டு மாணவர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். பிற்காலத்தில் நம் மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, 1326-இல் திமிஷ்க் நகரில் இவ்வாறு இஜாஸாக்கள் பெற்றதைத் தம் பயண நூலில் எழுதியுள்ளார். அவற்றை வழங்கியோருள் பெண் ஆசிரியர்களும் உண்டு. அங்கே ஆசிரியரின் பெயரே போதுமானதாக இருந்தது. இன்றோ, ஒரு கல்லூரி தந்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு. எத்தனை சான்றிதழ் கையில் இருந்தாலும், ஏற்பவர் ஏற்காவிட்டால் அது வெறுங்காகிதம்.

2022-இல் நாடறிய நடந்ததை நினைத்துப் பாருங்கள். உக்ரைனில் போர் மூண்டு, அங்கே மருத்துவம் பயின்ற ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். எனினும் சட்டத்தில் இடமில்லை என்று ஒன்றிய அரசு கைவிரித்தது. வேற்று நாட்டுக் கல்லூரிகளில் பயின்று, உக்ரைன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெறும் ஏற்பாட்டை மட்டும் தேசிய மருத்துவ ஆணையம் அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. படித்த படிப்பைப் பொய் என்று எவரும் சொல்லவில்லை, ஏற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றியது. அப்போது அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானபின் அதன் கீழ் வந்தது. இப்போது அது தன்னாட்சிக் கல்லூரி. பட்டத்தை வழங்குவது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்றாலும், பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியே. பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் தன்னாட்சி பெற்றது; ஆனால் அது 1984-இல் தொடங்கப்பெற்ற கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பெரியகுளத்திற்கும் உத்தமபாளையத்திற்கும் பேருந்தில் போகும் தொலைவுதான். ஆயினும் ஒரு பிள்ளை அங்கிருந்து இங்கே மாற வேண்டுமானால், பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவதாகவே அது கொள்ளப்படும். குமுளியைத் தாண்டி இடுக்கி மாவட்டத்திற்குப் போனால் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். அங்கே 2024 ஜூலை முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு முறை வந்துவிட்டது; மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறவும் வழி உண்டு. ஏலத்தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு அப்பக்கம் பெயரும் நம்மவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

சரி, மாறவே முடியாதா? முடியும். ஆனால் புறப்படுவதற்கு முன் கேட்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 1989 முதல் கிரெடிட்டை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லும் முறை நடந்து வருகிறது. முழு ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். அங்கே அது நடப்பதற்குக் காரணம், மாணவர் ஊரை விட்டுக் கிளம்புமுன்பே, எந்தெந்தப் பாடங்களை அங்கே படிப்பது, அவை இங்கே எவ்வாறு கணக்கில் ஏறும் என்று அனுப்பும் கல்லூரியும் ஏற்கும் கல்லூரியும் மாணவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதுதான். நம்மிடம் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. அந்த வேலையைப் பெற்றோரும் மாணவருமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், போகவிருக்கும் ஊரில் அதே பாடப்பிரிவில், அதே ஆண்டில் காலியிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் வீண். இடம் உண்டென்றால், சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று அக்கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் பெற வேண்டும். அதைக் காட்டி, நம் கல்லூரி முதல்வரிடம் தடையின்மைச் சான்றிதழ் பெற வேண்டும். அதன் பின்னரே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பிறகு இடம் தேடப் போனவர்கள்தாம் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நின்றவர்கள். இரண்டு கல்லூரிகளும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தால், வருகைப் பதிவை இணைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். வெவ்வேறு பல்கலைக்கழகம் என்றால் இடப்பெயர்வுச் சான்றிதழும், வெளிமாநிலமானால் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழும் தேவைப்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நம்மவர்கள் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடும் ஒன்று: பாடத்திட்டப் புத்தகம். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர்தான் இருக்கும். அதில் என்ன படித்தார் என்பதைப் பார்த்துத்தான் இரண்டு பாடங்களும் ஈடானவையா என்று அங்குள்ள பாடக்குழு முடிவு செய்யும். ஆகவே ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. ஈடாகாத பாடங்களைக் கூடுதலாக எழுதித் தேற வேண்டியிருக்கும். இரண்டு மூன்று பாடங்களை அதிகமாக எழுதுவது, ஈராண்டுகளை இழப்பதை விட எத்தனையோ மேல்.

கல்லூரியில் மூலச் சான்றிதழ்கள் சிக்கிக்கொள்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் மூலப்பிரதிகளைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்துள்ளது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதே அறிவிப்பில் விகிதங்கள் உண்டு. சேர்க்கையின் கடைசி நாளிலிருந்து 30 நாட்கள் கடந்துவிட்டால் எதுவும் கிடையாது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்து கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

இப்போது பிள்ளைகள் "ஏ.பி.சி. கணக்கு" என்று பேசிக்கொள்கிறார்கள். மானியக் குழு 2021 ஜூலையில் விதிகள் வகுத்துத் தொடங்கிய கிரெடிட் வங்கி அது. டிஜிலாக்கர் வழியாக மாணவர் கணக்குத் தொடங்கலாம். 2021-22 கல்வியாண்டும் அதற்குப் பின்னும் பெற்ற கிரெடிட்டுகளை அதில் சேர்த்து, ஏழாண்டுகள் வரை வைத்திருக்கலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது பெற்றிருக்க வேண்டும் என்பது அவ்விதிகளில் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். இந்த வங்கி கணக்கு வைக்குமே தவிர, எந்தக் கல்லூரியையும் சேர்த்துக்கொள் என்று கட்டாயப்படுத்தாது. மேலும், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. எனவே எல்லாக் கல்லூரிகளும் ஒன்றுபோல் இதில் கிரெடிட்டை ஏற்றிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. தம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதை மாணவரே பருவந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஓர் இடையூறும் உண்டு. ஆதாரில் முஹம்மது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முகமது, கல்லூரிப் பதிவில் வெறும் எம். என்ற எழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துவராமல் கணக்கு இணையாமல் நின்றுவிடுகிறது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்குமுன் இதைச் சீர்செய்துவிடுங்கள்.

கல்லூரி மாற வழியே இல்லாதவர்கள் படிப்பை மூடிவைக்க வேண்டியதில்லை. 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், ஊர் மாறினால் படிப்பு மையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தேறிய பாடங்கள் அப்படியே நிற்கும். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நிதானமாக முடிக்கவும் இடமுண்டு. பிற பல்கலைக்கழகத்தில் பெற்ற கிரெடிட்டை ஏற்பதற்கும் அங்கே விதி இருக்கிறது. பாடம் பாடமாக விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். படித்தது கணக்கில் கழியும் வழி இதுவும்தான். போடி அரசு பொறியியல் கல்லூரி நமக்கு வெகு தொலைவில் இல்லை.

பெற்றோரிடம் உரிமையோடு ஒரு வேண்டுகோள். படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது, தேதி குறிக்குமுன் மாப்பிள்ளையின் ஊரில் கல்லூரியைக் கேளுங்கள். பருவத் தேர்வு முடிந்து, கல்லூரிகள் திறக்குமுன் உள்ள மே, ஜூன் மாதங்களில் நிக்காஹ் அமைந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மண்டபம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தேதியை நகர்த்துகிறோமே, இதற்காகவும் நகர்த்தலாம். இனி நிக்காஹ் பதிவுக்கு வருவோரிடம், மணமகள் படித்துக்கொண்டிருந்தால், படிப்பைத் தொடர என்ன ஏற்பாடு என்று நிர்வாகக் குழு கேட்பதாகத் தீர்மானித்துள்ளோம். அது தடை போடுவதற்கன்று. தேவையான தாள்களைச் சேகரிக்க உதவுவதற்கே.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கட்டடத்தில் நம் ஜமாஅத்தின் கல்லூரி ஆசிரியர் இருவர் அமர்ந்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார், பாடத்திட்டப் புத்தகம் ஆகியவற்றோடு வாருங்கள். பாதியில் நிறுத்தி ஆண்டுகள் கடந்தவர்களும் வரலாம். முன்னர் சொன்ன அந்தத் திருப்பூர் மகளின் அத்தாவிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.