குடிலுக்குள் போன உறைபனி

(திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவானிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் ஜெபம், தவம் என்று நீளமாகப் பேசவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, வரியை அதிகமாக வசூலிக்காதே, பிறர் பணத்தைப் பறிக்காதே என்கிறார். வீட்டில் என்ன இருக்கிறது, அது யாருடையது என்ற கணக்குதான். அந்தக் கணக்கில் நம்மிடமும் ஒரு பாக்கி உண்டு. அது ஒரு காமிக்ஸ் புத்தகம்.

சிரிக்க வேண்டாம். இன்று ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் புத்தகம் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர்; மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். லண்டனில் 1962இல் வேலியண்ட் என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை இது. அதற்குப் படம் வரைந்தவர் பார்சிலோனாக்காரர். பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பானிய மொழியில் ஹெசூஸ் என்றால் இயேசு. இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது நமக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாரம் வந்தால் சிறுவர் பத்திரிகைகளின் தலைப்பு எழுத்துகள் மேல் பனி படிந்தது போல வரைவார்களாம். கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கவே கெட்டி அட்டை போட்ட ஆண்டுமலர்களும் உண்டு. தீபாவளி மலர், பொங்கல் மலர் நாம் பார்த்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் காமிக்ஸ் மலர் என்று எதுவும் நாமக்கல் பக்கம் எங்கள் கைக்கு வந்ததில்லை. அதனால் எங்களுக்கு நாங்களே ஒன்றை வைத்துக்கொண்டோம். 'உறைபனி மர்மம்' என்ற மாயாவி புத்தகம். தலைப்பில் பனி இருக்கிறதே, அது போதும். நாங்கள் பனியைக் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த பனி, சேகோ ஃபேக்டரிக் களத்தில் குச்சிக்கிழங்கு மாவு வெள்ளை வெளேரென்று காய்வதுதான். பெத்லகேமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பினோம்.

அந்தப் புத்தகம் எங்களுடையது அல்ல. வகுப்புத் தோழன் ஒருவனுடையது. அவன் அப்பா லாரி ஓட்டுநர். சிவகாசிக்கு லோடு ஏற்றப் போகும்போதெல்லாம் மகனுக்குப் புத்தகம் வாங்கி வருவார். அட்டை கசங்காமல் நாளிதழ் போட்டு உறை தைத்து வைத்திருப்பான். அரையாண்டு விடுமுறைக்கு, பீடச் சிறுவர்களாக இருந்த எங்கள் மூவரை நம்பிக் கொடுத்தான். வருடம் 1979.

குடில் வேலை எங்கள் பொறுப்பு. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார்; எங்களுக்கு மாடு கிடைக்கும், மலைக்குத்தான் பஞ்சம். சாக்கு, மைதாப் பசை, கரித்தூள் எல்லாம் இருந்தும், 24ஆம் தேதி சாயங்காலம் காகிதம் போதவில்லை. உபதேசியார் அவசரப்படுத்துகிறார். எங்களில் யார் கை முதலில் அந்தப் புத்தகத்துக்குப் போனது என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை. தாள் தாளாகக் கிழித்து ஒட்டிக் கரியைப் பூசினோம். மலை அழகாகவே வந்தது. பங்குச்சாமி பாராட்டினார்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை, எல்லா வருடமும் போல, ஊரில் உள்ள இந்துக் குடும்பங்களும் குடில் பார்க்க வந்தார்கள். அவனும் வந்தான். வெகுநேரம் நின்று பார்த்தான். முறுக்கு கொடுத்தோம், வாங்கிக்கொண்டான். பள்ளி திறந்ததும் புத்தகம் கேட்டபோது, ஆடு தின்றுவிட்டது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். "சரி" என்றான். அவ்வளவுதான்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைத்தபோது பார்த்தோம். ஒரு பக்கத்தில் மட்டும் கரி சரியாகப் பிடிக்கவில்லை. மலை நடுவில், சிறுவன் ஒருவனின் கண் உயரத்தில், மாயாவி முழுதும் மறைந்து போய் இரும்புக்கை மட்டும் தெரிந்தது.

அவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு முறுக்கு தின்றான். ஆட்டுக் கதைக்கும் சரி என்றான்.

அந்த வருடமே அவன் படிப்பை விட்டு லாரிக்குக் கிளீனராகப் போனான் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் மன்னிப்புக் கேட்கவே இல்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு மறதி. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியும். அதை நாம் செய்திருக்கிறோம்.

குருமடத்தில் இறையியல் படிக்கும்போது புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில், கண்ணால் காண முடியாத கடவுளின் சாயல் கிறிஸ்து என்று வரும் பகுதியை ஆராய்ந்தோம். பேராசிரியர் கிரேக்கச் சொல்லை விளக்கிக்கொண்டிருக்க, நம் மனத்தில் ஓடியது மாயாவிதான். அவர் ஆபத்து வந்தால் மறைகிறவர். நம் ஆண்டவரோ மறைந்திருந்தவர்; ஆபத்துக்குள் வந்து தெரிந்தவர். அதுவும் இரும்புக்கையோடு அல்ல, பிறந்த குழந்தையின் கையோடு. எவரும் பிடித்து நசுக்கிவிடக்கூடிய கை. சேலத்தில் நம் மறைமாவட்டப் பேராலயமே குழந்தை இயேசுவின் பெயரில் இருக்கிறது. அந்தச் சொரூபத்தின் கையைப் பார்க்கும்போதெல்லாம், கரி பூசிய மலையில் தெரிந்த அந்த இன்னொரு கை நினைவுக்கு வராமல் போவதில்லை.

கி.பி. 600 வாக்கில், படங்களை உடைத்த மார்செய் நகர ஆயருக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் கடிதம் எழுதினார். வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து எப்படியோ, தெரியாதவருக்குப் படம் அப்படி என்பது அதன் சாரம். எழுத்து எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் எங்கள் பாவத்தை நாங்கள் படத்தில்தான் வாசித்தோம்.

எங்கள் மூவரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. மற்ற இருவரும் சென்ற மாதம் பேசி முடிவு செய்தோம். மாயாவி கதைகளுக்கு இப்போது மறுபதிப்புகள் உண்டு. பழைய பிரதியைத் தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கிறார்கள். எங்களுக்கு வசதி மறுபதிப்புதான். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் அல்லவா, ஆகையால் நான்கு மாயாவி புத்தகங்கள். பங்கு அலுவலக அலமாரியில், நாளிதழ் போட்டு உறை தைத்து வைத்திருக்கிறோம். உறை கொஞ்சம் கோணல்.

இரவில் வண்டி ஓட்டும்போது வானொலி கேட்கும் ஓட்டுநர்கள் உண்டு. நீ இப்போது எந்தச் சாலையில் இருக்கிறாயோ, தெரியாது. ஆடு தின்னவில்லை, அப்பா. இந்தப் பக்கம் வந்தால் கோயில் முன்னால் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. பதினாறு சக்கரமானாலும் திரும்பும்.