மொட்டைமாடி சோலார்: எந்த மீட்டருக்கு, என்ன கணக்கில்?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொட்டைமாடியில் சோலார் வைப்பது பற்றி நம் குடியிருப்பில் சில மாதங்களாகப் பேச்சு நடக்கிறது. பொதுச் செலவுக்கு வைக்கலாம் என்கிறார்கள் சிலர். தங்கள் வீட்டுக்குத் தனியாக வைத்துக்கொள்ள இடம் கேட்கிறார்கள் சிலர். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வரவு செலவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். அதை மட்டும் சொல்கிறேன்.

எந்த மீட்டருக்கு?

சோலாரில் லாபம் என்பது மின்வாரியத்துக்குக் கட்டும் பணம் குறைவதுதான். ஆகவே எந்த யூனிட்டுக்கு அதிக விலை கொடுக்கிறோமோ, அதை முதலில் குறைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 400 யூனிட் வரை, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள்தான் கட்டுகிறோம். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஓடும் பொது இணைப்புக்கு இலவசம் எதுவும் கிடையாது. 2022 செப்டம்பரில் அதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகு இன்னும் ஏறியிருக்கிறது. 2023-ல் சிறிய கட்டடங்களுக்குக் குறைத்தார்கள், ஆனால் லிஃப்ட் இருப்பதால் நமக்கு அது பொருந்தாது.

ஒரே பேனல், ஒரே வெயில். பொது மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம். சிக்கனமாகச் செலவழிக்கும் வீட்டு மீட்டரில் ஐந்துகூட இல்லை. இரண்டு மூன்று ஏ.சி. ஓட்டி மேல் ஸ்லாபுக்குப் போகும் வீடுகளுக்குத் தனி சோலார் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாடி எல்லோருக்கும் பொது. முதலில் கேட்டவர்களுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? முதலில் பொது மீட்டருக்கு ஒதுக்குவோம். மிஞ்சும் இடத்தைப் பற்றிப் பிறகு விதி வகுத்துக்கொள்வோம் என்பது என் கருத்து.

எவ்வளவு பெரியது?

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை இவற்றின் நிழல் விழும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும்.

பொது மீட்டரின் கடைசி ஆறு பில்களை எடுத்து வையுங்கள். மிகக் குறைந்த பில்லில் எத்தனை யூனிட்டோ, அதைத் தாண்டாத அளவுக்கு வைத்தால் போதும். உபரி மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று பெரிதாக வைப்பது சரியான கணக்கு அல்ல.

ஒரு மாதிரிக் கணக்கு

5 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். விலை 3,00,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்புச் சங்கத்தின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அது 90,000. நம் கைக்காசு 2,10,000.

வருடத்துக்குச் சுமார் 7,000 யூனிட். எட்டு ரூபாய் வீதம் 56,000. கழுவ, பராமரிக்க 6,000 கழியுங்கள். பேனல் 25 வருடம் உழைத்தாலும் இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது. அதற்காக வருடம் 5,000 தனியாக எடுத்து வையுங்கள். நிகர மிச்சம் 45,000. போட்ட பணம் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். 'மூன்றே வருடம்' என்று விற்பனையாளர் சொன்னால், இந்த இரண்டு செலவையும் கழித்தாரா என்று கேளுங்கள்.

மானியம் வேலை முடிந்து, மின்வாரியம் பார்த்த பிறகுதான் வரும். அதுவரை முழுத் தொகையும் சங்க நிதியிலிருந்து போக வேண்டும். பெயின்டிங்குக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடும்முன் இதை யோசியுங்கள்.

கொட்டேஷனைப் படிக்கும் விதம்

மொத்த விலையை மட்டும் பார்த்துக் குறைந்ததை எடுக்காதீர்கள். ஒருவர் 50,000 ரூபாய் குறைத்துச் சொல்கிறார். ஆனால் அவருடைய அமைப்பு பத்து சதவீதம் குறைவாக உற்பத்தி செய்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 700 யூனிட், 5,600 ரூபாய் போகும். ஒன்பது வருடத்தில் அந்த மலிவு கரைந்துவிடும். மீதி வருடங்கள் நஷ்டம். ஆகவே மூன்று பேரிடமும் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

1. வருடத்துக்கு எத்தனை யூனிட் வரும்? வராவிட்டால் என்ன பொறுப்பு?
2. பேனல் உள்நாட்டுத் தயாரிப்புச் செல்லா? இல்லையென்றால் மானியம் கிடையாது.
3. பேனல், இன்வெர்ட்டர் இரண்டுக்கும் வாரன்டி தனித்தனியாக எத்தனை வருடம்?
4. தாங்கும் கம்பிச் சட்டம் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததா? எந்தக் காற்று வேகத்தைத் தாங்கும்? 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்த ஊர் இது. கடல் உப்புக் காற்றும் உண்டு.
5. எர்த்திங், இடிதாங்கி, நெட் மீட்டர் கட்டணம் விலையில் சேர்ந்ததா?

நெட் மீட்டர் பொருத்தி ஓடும்வரை பத்து சதவீதப் பணத்தை நிறுத்தி வைப்பது நல்லது. நம் இணைப்புக்கு எந்த முறையில் கணக்கு, வேறு கட்டணம் உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுப்போம்.

கரண்ட் போனால்?

இதை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாட்டரி இல்லாத சோலார், மின்வாரிய சப்ளை போனால் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே உச்சி வெயிலிலும் கரண்ட் போனால் லிஃப்ட் சோலாரில் ஓடாது. ஜெனரேட்டரை விற்றுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லிஃப்டை ஓட்டும் அளவுக்கு பாட்டரி வைத்தால் மேலே சொன்ன ஐந்து வருடக் கணக்கு நிற்காது. ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் அதற்குள் மின்சாரம் தள்ளாதபடி தடுப்பு வைக்கச் சொல்ல வேண்டும்.

மேல்மாடிக்காரர்களின் கவலையும் நியாயமானது. தளத்தைத் துளைத்தால் ஒழுகல் வரும். துளைக்காமல் கான்கிரீட் பீடத்தின் மேல், ஆள் நடக்கும் உயரத்துக்குச் சட்டம் போடலாம். கட்டடம் அந்தப் பாரத்தையும் காற்றின் இழுப்பையும் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் சான்று வாங்க வேண்டும். அடியில் துணி காயப்போடவும் வடாம் பிழியவும் இடம் இருக்கும்; என்ன, வடாத்துக்கு வெயில் கொஞ்சம் குறையும்.

தீர்மானத்துக்கு முன் மூன்று காகிதம் கைக்கு வரட்டும்: ஆறு பில், மூன்று கொட்டேஷன், ஒரு இன்ஜினியர் சான்று. அவற்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். எல்லோரும் படித்த பிறகு கை தூக்குவோம்.