சைகோன் வீதியும் ரிங் ரோடும்

தலைநகரிலே ஆர்.கே.புரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் உறவினரை வரவேற்பது புதிதன்று. மத்திய அரசு ஊழியர்களுக்கென எழுந்த இக்குடியிருப்பில், ரயிலேறி வந்த தாய்தந்தையரை மலை மந்திருக்கு அழைத்துச் சென்று, குதுப்மினாரையும் செங்கோட்டையையும் காட்டி அனுப்பியவர்கள் நாம். இன்று பயணத்தின் திசை மாறியிருக்கிறது. பிள்ளைகள் கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள். நாம் அவர்கள் இல்லத்துக்கு விருந்தாளிகளாகப் போகிறோம். அவ்வாறு வியத்நாம் நாட்டின் ஹோ சி மின் நகருக்குச் சென்றபோது நாங்கள் கண்ட வீதிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

1976 வரை சைகோன் என வழங்கிய அந்நகரம் தமிழருக்கு முற்றிலும் அயலூர் அன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் அரசுப் பணிக்கும், நகரத்தார் கொடுக்கல் வாங்கலுக்கும் அங்கே சென்றனர். பென் தான் சந்தைக்கு அருகே தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஊதுவத்தி ஏந்தி வழிபடுவோரில் பெரும்பாலோர் அந்நாட்டு மக்களே. அம்மனைத் தரிசிக்கப் புறப்பட்ட நாங்கள், எதிர்ப்பக்கம் போக வழியறியாது நடைபாதை ஓரத்தில் நெடுநேரம் நின்றுவிட்டோம்.

காரணம் மோட்டார் சைக்கிள்கள். அந்நகரில் பதிவு பெற்றவை மட்டும் 70 லட்சத்துக்கு மேல். பச்சை விளக்கு எரிந்தவுடன் வீதியே எழுந்து வருவது போலிருக்கிறது. ஒரு வண்டியில் தாயும் தந்தையும் குழந்தையும். மற்றொன்றில் ஆளுயரப் பூந்தொட்டி. 1960-களில் ஹோண்டா வண்டிகள் பெருகியதன் பயனாக, ‘ஹோண்டா’ என்பதே மோட்டார் சைக்கிளுக்குப் பொதுப்பெயராகிவிட்டதாம். வாடகைக்கு ஆளேற்றும் வண்டிக்கு ‘ஸே ஓம்’ என்று பெயர். நம் செவிக்குப் பிரணவம் போல் ஒலிக்கும் இச்சொல்லின் பொருள், கட்டிக்கொள்ளும் வண்டி என்பது. இதைக் கேட்ட எங்கள் பெரியம்மா, நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார்கள்!

வீதியைக் கடக்கும் முறையை உறவினரே கற்பித்தனர். வண்டிகள் ஓயட்டும் என்று காத்திருத்தல் வீண். காரும் பேருந்தும் வராத சமயம் பார்த்து இறங்கவேண்டும். அவை மோட்டார் சைக்கிளைப் போல் விலகிச் செல்ல இயலாதவை. இறங்கியபின் ஒரே சீராக, மெதுவாக நடக்கவேண்டும். ஓடலாகாது, நடுவில் நிற்கலாகாது, பின்வாங்குதல் எல்லாவற்றினும் தீது. எதிரே வருபவர் நம் நடையைக் கணித்தே முன்னால் போவதா, பின்னால் போவதா என்று முடிவு செய்கிறார். நாம் தயங்கினால் அவர் கணக்குப் பிழைத்துவிடும். அந்நாட்டில் வண்டிகள் வலப்புறம் செல்லும் ஆதலால், நம் வழக்கத்துக்கு மாறாக முதலில் இடப்பக்கம் நோக்கவேண்டும். முதியவர் உடன் வந்தால், வண்டி வரும் பக்கத்தில் இளையவர் நடத்தல் முறை. மூன்றாம் நாள் பெரியம்மா எங்களுக்கு வழிகாட்டலானார்கள்.

ஆனால் அப்பாடத்தை மூட்டை கட்டி டில்லிக்குக் கொண்டுவருதல் பெரும் ஆபத்து. நெரிசல் மிக்க சைகோன் வீதியில் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். ஒரு நொடியில் அது ஐந்தரை மீட்டரே நகரும். நம் ரிங் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதே நொடியில் 16 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். அதன் ஓட்டுநர் நம் நடையைக் கணிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோம். நம் ஊர்க் கடைத்தெருவில் கையை நீட்டிக்கொண்டே குறுக்கே நடந்து பழகிய பெரியோருக்கும் இதையே சொல்லவேண்டும். விருந்தினர் வந்திறங்கிய அன்றே, காப்பி கொடுத்த கையோடு சொல்லிவிடுதல் நலம்.

சேலை உடுத்தும் பெண்டிர்க்கு மற்றொரு செய்தி. ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பு இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. ‘சாரி கார்டு’ என்று நாம் சொல்வது இதைத்தான். சைகோனில் நாங்கள் ஏறிய வண்டிகளில் அது இல்லை. ஆதலின் சல்வார் அணிந்து, இருபுறமும் காலிட்டு அமர்தலே தக்கது. தலைக்கவசம் அங்கே 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் கட்டாயம். டில்லியில் பின்னிருக்கைப் பெண்களுக்கு அது கட்டாயமானது 2014-இல். சீக்கியப் பெண்களுக்கு விலக்கு உண்டு. பின்னால் உட்கார்பவர் மண்டை மட்டும் உறுதியானது என்று அதுவரை யார் கண்டார்களோ!

மெட்ரோ ரயில் ஹோ சி மின் நகருக்கு 2024 டிசம்பரில்தான் வந்தது. டில்லிக்கு அது 2002-இலேயே வந்துவிட்டது, ஆர்.கே.புரம் நிலையம் 2018-இல் திறந்தது. முதியோரை அழைத்துச் செல்ல அதுவே உகந்தது. பெருஞ்சாலையின் எதிர்ப்பக்கம் போக நேர்ந்தால் நடைமேம்பாலம் இருக்குமிடத்துக்குச் செல்லுங்கள். முழங்கால் வலியுள்ளவருக்கு அப்படிகள் ஒரு சிறு மலைதான். அவரை ஆட்டோவில் ஏற்றி, அடுத்த திருப்பம் வரை போய், வளைந்து எதிர்ப்பக்கம் இறக்கிவிடுங்கள். அந்தச் சில ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.