போன்ல சந்தா வரும், ஆள் வரணும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"இன்றைய தொழில்நுட்பமும் பெண்களும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. விஞ்ஞானம் பேசுவதற்குப் படித்தவங்க இருக்காங்க. டிவியிலும் பேப்பரிலும் தினமும் வருகிற புதுப்புதுச் செய்தி, நம்ம அடுப்படி வரைக்கும் வந்து என்ன செய்யுது என்பதை நாமதான் பேசணும். அதை மட்டும் பேசுதேன்.

இப்போ கொஞ்ச நாளா நம்ம குழுக்களில் ஒரு கேள்வி வருது. "சந்தாவை ஜிபேயில போட்டுருதோம், தவணையும் போன்லயே கட்டிருதோம். அப்புறம் வாரா வாரம் கூட்டம் எதுக்கு?" கேட்கிறவங்க சோம்பேறி இல்லை. ஒரு மணி நேரம் கூட்டத்துல உட்கார்ந்தா அந்த நேரத்துக்குச் சுத்துற பீடி குறையும். நடவு நேரத்துல வயலை விட்டு வர முடியாது. அவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. அதனால இந்தக் கேள்விக்கு "இது விதி, அதனால வரணும்" என்று பதில் சொல்லக் கூடாது. காரணத்தோட பதில் சொல்லணும்.

முதல்ல போனால வந்த நன்மையைச் சொல்லிருதேன். 2023 செப்டம்பர் 15-ம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பிச்சப்போ, மாசம் 1000 ரூபாய் யார் கைக்கும் போகாம நேரா நம்ம கணக்குக்கே வந்துச்சு. மெசேஜ் சத்தம் கேட்டதும் "ஏட்டி, வந்துட்டு!" என்று தெருவே பேசிக்கிட்டோம். காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல வருகிற 1000 ரூபாயும் அப்படித்தான். பத்தமடையில பாய் நெய்யுறவங்க, புதுப் பாயை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி வெளியூர் ஆர்டர் எடுக்க முடியுது. பாபநாசம் அணையில இன்னைக்கு எத்தனை அடி, மணிமுத்தாறுல எத்தனை அடி என்று முன்னெல்லாம் திருநெல்வேலி வானொலியில கேட்போம், இல்லேன்னா மறுநாள் பேப்பர்ல பார்ப்போம். இப்போ காலையில காபி போடுறதுக்குள்ள போன்ல வந்துருது. போன் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனா பணம் வருகிற அதே வழியில திருடனும் வாரான். முன்னே திருடன் வந்தா நாய் குரைக்கும். இவன் வந்தா பாட்டுதான் அடிக்கும், நாமளே எடுத்து "ஹலோ" சொல்லுதோம்.

எங்க குழுவுல நடந்ததைச் சொல்லுதேன். ஒரு அக்காவுக்கு போன் வந்துச்சு. "உங்க உரிமைத்தொகை நின்னு போகப் போகுது, இப்போ ஒரு ஆறு எண் வரும், அதைச் சொல்லுங்க" என்று நல்ல தமிழ்ல, மரியாதையாப் பேசியிருக்கான். அக்காவுக்கு மெசேஜ் வாசிக்கத் தெரியாது. "பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்த்துச் சொல்லுதேன் தம்பி" என்று சொல்லிட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் எங்க குழுக் கூட்டம். உட்கார்ந்ததும், "எனக்கு ஆயிரம் ரூவா நின்னு போயிரும்னு சொல்லுதாவ, என்ன செய்ய?" என்று கேட்டாங்க. உடனே பக்கத்துல ஒருத்தி, "எனக்கும் வந்துச்சு" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. மொத்தம் நாலு பேருக்கு வந்திருக்கு. நாலு பேரும் தனித்தனியா வீட்டுல பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க. கூட்டம் இல்லேன்னா பேத்தி வந்ததும் அந்த எண் போயிருக்கும், கணக்குல இருந்த பணமும் போயிருக்கும்.

இன்னொன்று. இதைச் சொல்ல அந்தச் சகோதரிகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்லுதேன். அவங்க இந்தப் பந்தலுக்குள்ள இருக்காங்களா என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பையன் பீஸ் கட்டணும், அவசரம். போன்ல ஒரு கடன் ஆப். ஜாமீன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், அஞ்சு நிமிசத்துல பணம். 5000 ரூபாய் கேட்டா கைக்கு வந்தது 3000. ஏழு நாள்ல 5000 கட்டணும். கட்ட முடியலேன்னா இன்னொரு ஆப்பைக் காட்டுவான். அதை வாங்கி இதைக் கட்டு. இப்படியே போய் ஒரு கட்டத்துல, போன்ல இருந்த சொந்தக்காரங்க நம்பருக்கெல்லாம் இவங்க முகத்தை வேற உடம்போட ஒட்டின படத்தை அனுப்பிட்டாங்க.

இந்த நாலு வாரமும் அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வரலை. ஆனா சந்தா மட்டும் ஜிபேயில டாண்ணு வந்துச்சு. நோட்டைப் பார்த்தா ஒரு குறையும் இல்லை. ஆப்ல ஏத்தினாலும் குறை இல்லை. அங்கே ஒரு உயிர் போகவா இருக்கவா என்று கிடக்குது, கணக்கு "சரி" என்று சொல்லுது! அஞ்சாவது வாரம் ரெண்டு பேர் "ஏன் ஆளைக் காணோம்?" என்று வீட்டுக்குப் போனதாலதான் விஷயம் தெரிஞ்சது. அப்புறம் அந்தப் படத்தையும் நம்பரையும் அழிக்காம வச்சுக்கிட்டு, மூணு பேர் கூடப் போய் சைபர் கிரைம் போலீஸ்ல எழுதிக் கொடுத்தோம். இப்போ அவங்க தைரியமா இருக்காங்க.

வாரக் கூட்டம் எதுக்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சந்தாவை போன் வாங்கிக்கும். முகம் வாடியிருக்கா என்று அது பார்க்காது.

நம்ம தமிழ்நாட்டுல 1989-ல தருமபுரி மாவட்டத்துல சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிச்சப்போ எந்தப் பொம்பளை கையில போன் இருந்துச்சு? 1992-ல நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோட இணைக்கிற திட்டத்தை ஆரம்பிச்சப்போ, சொத்து இல்லாத நம்மளை நம்பி வங்கி கடன் கொடுத்ததுக்கு எது ஜாமீன்? நாம ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருந்ததுதான் ஜாமீன். பயிற்சியில பஞ்ச சூத்திரம் என்று அஞ்சு சொல்லிக் கொடுப்பாங்க. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையாத் திருப்பிக் கட்டுறது, முறையான கணக்கு. சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு இந்த நாலையும் போன்ல செஞ்சுரலாம். முதல்ல வச்சிருக்கிற கூட்டத்தை மட்டும் செய்ய முடியாது.

உள்கடன் கணக்கையும் பாருங்க. அதே 3000 ரூபாயை நம்ம குழுவுல நூத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினாலும் மாசத்துக்கு 60 ரூபாய்தான். அந்த ஆப் ஒரு வாரத்துக்கு எடுத்தது 2000. அப்படியிருந்தும் அந்தச் சகோதரி நம்மகிட்ட கேட்காம அங்கே ஏன் போனாங்க? "போன தடவை வாங்கினதே பாக்கி, மறுபடி கேட்டா என்ன நினைப்பாவ" என்ற கூச்சம். ஆப் அந்தக் கூச்சத்தைக் கொடுக்காது, அதான் அதோட வசியம். அப்போ நாமளும் ஒன்று திருத்திக்கணும். கடன் கேட்கிறவளை நாலு பேர் முன்னால குத்திப் பேசுறதை விடணும். நாம குத்திப் பேசுறது அவனுக்குத்தான் வியாபாரம்.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கு, தெரிஞ்சுக்கோங்க. 2022-லயே ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதி போட்டிருக்கு. கடன் கொடுக்கிற ஆப் நம்ம போன்ல இருக்கிற நம்பர்களையும் போட்டோக்களையும் தொடக் கூடாது. கேட்டா அது சரியான ஆப் இல்லை. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோவுல போலீஸ் உடுப்போட வந்து மிரட்டுறாங்களே, அப்படி ஒரு கைதே சட்டத்துல கிடையாது. 2024 அக்டோபர் 27-ம் தேதி பிரதமரே வானொலி உரையில இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோவுல கைது பண்ணி பணம் கேட்காது.

இப்போ செயற்கை நுண்ணறிவு என்று புதுசா வந்திருக்கு. 2023 நவம்பர்ல ஒரு நடிகையோட முகத்தை வேற பெண்ணோட வீடியோவுல ஒட்டிவிட்டு நாடு பூராவும் பேச்சாச்சு. நடிகைக்கே அந்தக் கதி. குரலையும் அப்படியே செய்யுதாங்களாம். "அம்மா, ஆக்சிடென்ட், பணம் அனுப்பு" என்று மகன் குரல்ல போன் வந்தா, பதறாம கட் பண்ணிட்டு மகன் நம்பருக்கு நாமளே போடணும். எடுக்கலேன்னா அவன் கூட்டாளிக்குப் போடணும். நம்ம பெண்களோட படத்தை எவனாவது ஒட்டி அனுப்பினா, அவமானம் செஞ்சவனுக்கு, நமக்கு இல்லை. இதை நம்ம வீட்டு ஆம்பளைகளுக்கும் சொல்லி வைக்கணும். படத்தைப் பார்த்துட்டு "நீ என்ன செஞ்ச?" என்று பொண்டாட்டியைக் கேட்கிற வீட்டுலதான் அந்தப் பொண்ணு வாயே திறக்க மாட்டா.

இன்னொன்றும் நினைச்சுப் பாருங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம மறக்க முடியுமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட நின்னுபோச்சு. தாமிரபரணி ரெண்டு கரையும் தெரியாம ஓடுச்சு. கரண்ட் இல்லை, டவர் இல்லை, கையில இருந்த போன் வெறும் பலகை. 1992 வெள்ளத்தைப் பார்த்த ஆச்சிமார், "அப்பவும் இப்படித்தான்" என்றாங்க. அந்த ரெண்டு நாள்ல எந்த வீட்டுல மாசமா இருக்கிற பிள்ளை இருக்கு, எந்த வீட்டுல படுத்த படுக்கையா ஒரு தாத்தா இருக்காரு, யார் வீட்டுல சின்னக் குழந்தைக்குப் பால் வேணும் என்று எங்க குழுவுல யாரையும் கேட்க வேண்டியிருக்கலை. எல்லாருக்கும் தெரியும். வாரா வாரம் முகம் பார்த்துப் பேசினதால தெரியும். போனால வெள்ளம் வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியும். வெள்ளம் வந்தப்புறம் கதவைத் தட்ட ஆள்தான் வேணும்.

கூட்டமைப்பு முன்னால அஞ்சு விஷயம் வைக்கிறேன். எல்லாக் குழுவும் தீர்மான நோட்டுல எழுதணும்.

ஒன்று, சந்தாவும் தவணையும் போன்ல கட்டட்டும், தப்பில்லை. ஆனா கூட்டம் நிக்கக் கூடாது. நடவு நேரம், பீடி அவசரம் என்றால் நேரத்தை மாத்திக்குவோம், ஒரு மணி நேரத்தை அரை மணியாக்குவோம். போன்ல வந்த தொகையையும் பேர் சொல்லி சத்தமா வாசிக்கணும்.

ரெண்டு, ஒவ்வொரு கூட்டத்துலயும் முதல் பத்து நிமிசம் "இந்த வாரம் போன்ல என்ன வந்துச்சு?" என்று கேட்கணும். பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போட வேண்டியதில்லை, பின் போட்டா பணம் போகும். இதை ஆச்சிமாருக்கும் புரியுற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லணும்.

மூணு, ரெண்டு கூட்டம் தொடர்ந்து வராதவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் போகணும். சந்தா வந்திருந்தாலும் போகணும்.

நாலு, பணம் போயிட்டா அழுதுக்கிட்டு உட்காராம 1930 என்ற நம்பருக்கு உடனே போடணும். சீக்கிரம் சொன்னா பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்தி வைக்க வழி இருக்கு. நாளைக்குச் சொல்லலாம் என்றால் போனது போனதுதான். இந்த நம்பரை சந்தாப் புத்தகத்தோட அட்டையில எழுதி வச்சுக்கோங்க.

அஞ்சு, நம்ம வங்கிக் கணக்குல இருக்கிற போன் நம்பர் நம்ம கையில இருக்கிற போனா இருக்கணும். நிறைய வீட்டுல கணக்கு அம்மா பேர்ல, நம்பர் மகனோடது, பின் நம்பர் மருமகனுக்குத் தெரியும். அப்போ அது யார் கணக்கு? சாதாரண பட்டன் போனா இருந்தாலும் பரவாயில்லை, மெசேஜ் நம்ம கைக்கு வரணும். வாசிக்கத் தெரியலேன்னா குழுவுல வாசிச்சுச் சொல்ல ஆள் இருக்கோம்.

நாளைக்கு இன்னும் புதுசு புதுசா வரும். ட்ரோன் ஓட்டி மருந்து தெளிக்கவே குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்குதாங்க. நம்ம பிள்ளைகள் அதையும் ஓட்டட்டும், சந்தோஷம். எது வந்தாலும் தனியா உட்கார்ந்து பயப்படாம, கூட்டத்துல கொண்டுவந்து வச்சுப் பேசிட்டு அப்புறம் கையில எடுப்போம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்க குழுக் கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. உங்க குழுவுலயும் கூட்டம் நடக்கணும், எல்லாரும் வரணும்.