வேலை தேடுவோர்க்கு நாம் செய்யத்தக்கது
(விழாவில் ஆற்றிய உரை)

 

தொழில்கள் நலிவுறும் காலத்தில் வேலை தேடி அலைவோரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். வேலை போனால் வருவாய் போகும் என்பது யாவரும் அறிந்ததே. அதனோடு வேறு சிலவும் போகின்றன. அவற்றை விளங்கிக்கொள்ள ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறு உதவும்.

வியன்னா நகருக்கு அண்மையில் உள்ளது மரியன்தால். அவ்வூரார் அங்கிருந்த நெசவாலையை நம்பியே வாழ்ந்தனர். 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் அவ்வாலை படிப்படியாக மூடப்பட்டது. உலகெங்கும் பொருளாதாரப் பெருமந்தம் பரவிய காலமாதலின் வேறிடத்தும் வேலை கிட்டவில்லை. மேரி யகோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அவ்வூரை ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவை நம்மைச் சிந்திக்க வைப்பன. மக்களுக்கு ஓய்வு மிகுந்திருந்தது; ஆயினும் நூலகத்தில் நூல் எடுப்பது முன்னினும் குறைந்தது. ஆடவர் தெருவில் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். வீட்டுப் பணி ஓயாத பெண்டிர் விரைந்தே நடந்தனர். முற்பகலில் என்ன செய்தீர் என வினவியபோது, ஆடவர் பலரால் விடை கூற இயலவில்லை. வேலை என்பது கூலி மட்டும் அன்று. அது நாளுக்கு ஓர் ஒழுங்கையும் பிறரோடு தொடர்பையும் தருவது என்பது இதனால் புலனாகும்.

ஆதலின், வேலை தேடும் இளைஞர்களே, தேடுவதையே ஒரு வேலையாகக் கொள்க. குறித்த நேரத்தில் எழுக. விண்ணப்பம் எழுதவும், புதியது கற்கவும், நேரில் சென்று கேட்கவும் பொழுதை வகுத்துக்கொள்க.

வேலையிழந்தவர் பலர் வெட்கத்தால் திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் வருவதை நிறுத்திவிடுகின்றனர். அவர்க்கு வழி திறக்கக்கூடிய இடங்களே அவை. அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர், நியூட்டன் என்னும் ஊரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் வாயிலாக வேலை பெற்றோருள் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கினர்க்குச் செய்தி தந்தவர், அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் அல்லர், எப்போதாவது காண்பவரே. நெருங்கியோர் அறிந்ததைப் பெரும்பாலும் நாமும் அறிந்திருப்போம். புதிய செய்தி தொலைவிலிருந்தே வரும்.

எனவே பெரியோர்களே, “இன்னும் கிடைக்கவில்லையா?” என்று எவரையும் வினவாதிருப்போம். “உனக்கு என்னென்ன தெரியும்? நான் யாரிடம் சொல்லட்டும்?” என்று கேட்போம். கடையும் தொழிலும் நடத்துவோர் தம்மிடம் ஆள் தேவைப்படும்போது முதலில் இங்கே சொல்லுங்கள். ஓய்வு பெற்ற நாம் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கலாம், நேர்காணலுக்குப் பழக்கலாம். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை.

வழக்கமாக வருபவர் ஒருவர் இவ்வாண்டு இங்கு வராதிருப்பின், இந்த வாரத்திற்குள் அவர் இல்லம் சென்று காண்போம்.