கொடுத்ததும் கொடாததும்



ஒருவர் தம் வீட்டில் ஓர் அறையை மற்றொருவருக்கு வாடகைக்கு விடுகிறார். அதனால் வீடு கைமாறிவிடுவதில்லை. பத்திரம் வீட்டுக்காரரின் பெட்டியிலேயே இருக்கிறது. ஆயினும் வாடகைக்கு விட்ட அறைக்குள் அவர் நினைத்தபோதெல்லாம் நுழைய முடியாது. சொந்தம் என்பது ஒன்று; பயன்படுத்தத் தந்த இசைவு என்பது மற்றொன்று. வீட்டிலும் நிலத்திலும் இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஓவியத்திலும் ஒளிப்படத்திலும் பாட்டிலும் அதனை அறியவேண்டிய காலம் உங்களுடையது. நீங்கள் வரைந்த படத்தை இணையதளம் ஒன்றில் ஏற்றுவதற்கு முன், அத்தளத்தின் நிபந்தனைகளை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தெரிவித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு சொல்லால் எதைக் கொடுத்தீர்கள்? எதைக் கொடுக்கவில்லை? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நடந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். கரிபியன் கடலில் ஹெய்ட்டி என்னும் நாடு உண்டு. 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் மாலை அங்கே பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. தலைநகர் இடிந்து சரிந்தது. அந்நாட்டில் பிறந்த டேனியல் மொரேல் என்னும் ஒளிப்படக் கலைஞர் அப்போது அந்நகரில் இருந்தார். இடிபாடுகளுக்கிடையே நடந்து படம் பிடித்தார். அவற்றை அன்றே ட்விட்பிக் என்னும் தளத்தில் ஏற்றி, ட்விட்டர் வழியாக உலகுக்கு அறிவித்தார். சிறிது நேரத்தில் வேறொருவர் அப்படங்களை எடுத்துத் தம்முடையவை போல வெளியிட்டார். ஏ.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுச் செய்தி நிறுவனம் அவருடைய பக்கத்திலிருந்து அவற்றை எடுத்துத் தானும் பரப்பியது. கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்கும் அளித்தது. இடிபாடுகளிடையே அலைந்து உழைத்தவர் ஒருவர். படத்தின்கீழ் அச்சான பெயர் மற்றொருவருடையது!

மொரேல் தம் உரிமையைக் கேட்டார். ஆனால் முதலில் நீதிமன்றம் சென்றவர் அவர் அல்லர். அந்தச் செய்தி நிறுவனமே சென்றது. ட்விட்டரின் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு படத்தை வெளியிட்டவர், பிறரும் அதனைப் பயன்படுத்த இசைந்தவரே ஆவார் என்பது அதன் வாதம். நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அந்நிபந்தனைகள் செய்தி நிறுவனத்துக்கு அப்படங்களை எடுத்து விற்கும் உரிமம் எதனையும் தரவில்லை என்று 2013 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், இரு நிறுவனங்களும் அறிந்தே உரிமையை மீறின என்று கண்ட ஜூரிகள், 8 படங்களுக்காக ஏறத்தாழ 12 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தனர்.

இங்கே ஒன்றை உன்னிப்பாய் நோக்குங்கள். மொரேல் வென்றது, எடுத்தவர் அயலார் என்பதனால். படத்தைக் காட்டியது அவர் ஏற்றிய அதே தளமாக இருந்திருந்தால், அவர் குறை கூற இடமே இல்லை. ஏனெனில் அந்த இசைவை அவரே தந்திருந்தார். எழுத்தில் உள்ளது எவ்வளவோ அவ்வளவே கொடுக்கப்பட்டது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

தளங்கள் இசைவு கேட்பதே சூழ்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் படத்தை வெளியூரார் காணவேண்டுமானால், தளம் அதனைப் பல கணிப்பொறிகளில் படியெடுக்க வேண்டும்; சிறிதாக்க வேண்டும். இசைவின்றிப் படியெடுப்பது உரிமை மீறல் ஆகிவிடும். ஆகவே கேட்கிறது. ஆனால் தேவைக்கு மேல் கேட்கிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை. ‘தனியுரிமையற்ற’ என்று இருந்தால் நல்லது. அதே படத்தை வேறொருவருக்கும் நீங்கள் தரலாம். ‘கட்டணமின்றி’ என்றால் உங்களுக்குப் பணம் வராது. ‘துணை உரிமம் அளிக்கத்தக்க’ என்றால், தளம் பெற்ற இசைவை அது மூன்றாமவருக்கும் தரலாம். இச்சொல்லைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

நின்று படிப்பவர்களால் பயன் உண்டா? உண்டு. 2024ஆம் ஆண்டு அடோபி நிறுவனத்தின் நிபந்தனைகளைப் படித்த கலைஞர்கள், தங்கள் படைப்புகள் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுமோ என்று ஐயுற்றுக் குரல் எழுப்பினர். அவ்வாறு செய்வதில்லை என்று நிறுவனம் விளக்கியது. ஜூன் மாதத்திலேயே நிபந்தனைகளைத் தெளிவாகத் திருத்தியும் எழுதியது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர் நீங்களே. பதிவு செய்யாவிடினும் உரிமை உண்டு. உங்கள் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நிலைக்கும். உரிமையையே மற்றொருவருக்கு மாற்றித் தரவேண்டுமானால் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும். அதில் காலம் குறிக்கப்படவில்லையெனில் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும்.

விற்ற பின்னும் விட்டுப்போகாத உரிமை ஒன்று உண்டு. அமர்நாத் சேகல் என்னும் சிற்பி தில்லி விஞ்ஞான பவனத்துக்குப் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றைப் படைத்தார். 1979இல் அது சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சிதைந்தது. சிற்பம் அரசின் உடைமை. ஆயினும் கலைஞனின் மதிப்பு அரசின் உடைமை அன்று. சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்கவும் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

எனினும் சட்டத்தை மட்டும் நம்பியிராதீர்கள். பல தளங்கள் வழக்கு எழுந்தால் அயல்நாட்டு நீதிமன்றத்துக்கே வரவேண்டும் என்று நிபந்தனையில் எழுதியிருக்கின்றன. ஏற்றுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: யாருக்குக் கொடுக்கிறேன்? எதற்காகக் கொடுக்கிறேன்? நான் படத்தை நீக்கினால் இசைவும் நீங்குமா? பெற்றவர் பிறருக்குத் தரலாமா? விடை பிடிக்கவில்லையெனில் ஏற்றாதிருக்கலாம். அல்லது சிறிய அளவுப் படியை மட்டும் ஏற்றி, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. பள்ளியின் ஆண்டு மலருக்காக இணையத்திலிருந்து ஒரு படத்தை எடுக்கிறீர்கள். அதற்குப் பின்னாலும் ஒரு மொரேல் இருக்கிறார். அவரிடம் இசைவு கேளுங்கள். அவர் பெயரையும் அச்சிடுங்கள். தம் உரிமையைக் காப்பவர் பிறர் உரிமையையும் காக்கவேண்டும். அப்போதுதான் உரிமை என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு.