குதிரையேற்றத்தின் ஏழு படிகள்



குதிரையேற்றத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று என்னை அறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. சிறுவயதில் ஐயனார் கோயில் மண்குதிரையின் மீது ஏறிப் பூசாரியாரிடம் அடி வாங்கியதைத் தவிர, நான் குதிரை மேல் அமர்ந்தவன் அல்லேன். ஆயினும் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக மேலேற்றி அனுப்பியவன் என்ற முறையில், படிகளைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

என் மகள் குடும்பத்தோடு பிரான்சில் வாழ்கிறாள். புதுவையில் இது புதுமையன்று. தெருவுக்கு இரண்டு வீடுகளேனும் இப்படி உண்டு. சென்ற ஆண்டு ஜூலை விடுமுறைக்கு வந்த என் பேர்த்தி, வயது பன்னிரண்டு, ஒரு சிறு குறிப்பேட்டை என் கையில் கொடுத்தாள். குதிரையேற்றம் பயிலும் மாணவர்களுக்குப் பிரெஞ்சுக் குதிரையேற்றச் சம்மேளனம் வகுத்துள்ள படிகள் ஏழு. ஒவ்வொரு படிக்கும் ‘கலோ’ என்று பெயர். எழுதும்போது இறுதியில் ஒரு ‘ப்’ உண்டு. பிரெஞ்சுக்காரர் அதை எழுதுவார்களே தவிர உச்சரிக்க மாட்டார்கள். நாலுகால் பாய்ச்சல் என்பது அச்சொல்லின் பொருள்.

பாய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டு முதற்படியில் அவர்கள் கற்பிப்பது என்ன தெரியுமா? குதிரையின் அருகே செல்வது எப்படி என்பதுதான். நேர் பின்னால் வருவது குதிரையின் கண்ணுக்குப் படாது. ஆகவே பின்புறமாகச் செல்லலாகாது. குரல் கொடுத்துக்கொண்டே தோளருகே சென்று, கழுத்தில் கை வைக்க வேண்டும். பிறகு அதைப் பிடித்து நடத்துதல், உடம்பைத் தேய்த்துத் துலக்குதல், குளம்பைத் தூக்கி உள்ளே சிக்கிய மண்ணையும் கல்லையும் அகற்றுதல். இவற்றோடு சேர்ந்துதான் ஏறுதல், இறங்குதல், நிறுத்துதல், நடக்க விடுதல் எல்லாம்.

அடுத்து வருவது துள்ளுநடை. நடக்கும்போது குதிரையின் நான்கு கால்களும் நான்கு தாளமாக விழும். துள்ளுநடையிலோ, குறுக்கெதிரான இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழுவதால் தாளம் இரண்டே. ஒரு தாளத்துக்கு எழுந்து, மறு தாளத்துக்கு அமர வேண்டும். தவறினால் முதுகெலும்பு கணக்குச் சொல்லும்! குதிரையின் முதுகும் நோகும் என்பதை என் பேர்த்தி சொல்லித்தான் அறிந்தேன். நம் முன்னோரும் இதை நுணுகி நோக்கியவர்களே. குதிரையின் செலவை ஐந்து கதிகளாகப் பகுத்து, மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயரிட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் படியில் சேணமும் கடிவாளமும் தானே பூட்டிக் கொள்ள வேண்டும். மூன்று, நான்கு எனும் படிகளில் பாய்ச்சலிலும் நிலைகுலையாத இருக்கை, தாழ்ந்த தடைகளைத் தாண்டுதல், வேலியைக் கடந்து வெளியே செல்லும் துணிவு ஆகியவை வரும். ஐந்து முதல் ஏழு வரை நுட்பங்களும் போட்டிகளும். அவற்றை நான் விரிக்கப் போவதில்லை. இங்கிலாந்தில் 1929-இல் தோன்றிய போனி கிளப்பிலும் இத்தகைய படிகள் உண்டு. அங்கே ‘ஏ’ என்னும் எழுத்தை நோக்கி ஏறுவார்கள். அங்கும் ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது. பேணவும் தெரிய வேண்டும்.

பேணுதல் என்றேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். கடல் கடந்து ஆண்டுதோறும் குதிரைகள் பெருந்தொகையில் வந்து இறங்குமாம். பேணும் முறை அறிந்தவர் இல்லாமையால் அவற்றுட் பல மடிந்து போகுமாம். வெளிநாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். இருப்பினும், ஏறுவதற்கு ஆள் இருந்து குளம்பைப் பார்க்க ஆள் இல்லாத லாயம் என்ன ஆகும் என்பது விளங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேர்த்தியின் குறிப்பேட்டில் இரண்டு படிகளுக்குக் கையொப்பம் இருந்தது. மூன்றாம் படியில் ஓரிடம் வெற்றிடமாக இருந்தது. தடையை நன்றாகவே தாண்டினாளாம். ஆனால் அன்று அவசரத்தில் பின்னங்கால் ஒன்றின் குளம்பைப் பார்க்காமல் சேணம் பூட்டிவிட்டாள். ஆசிரியை ஒன்றும் கடிந்து பேசவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் கையொப்பமிடாமல் விட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. “இவ்வளவு செய்த குழந்தையை ஒரு காலுக்காக நிறுத்துவதா?” என்று மகளிடம் கேட்டேன். “நிறுத்தவில்லை அப்பா. அவள் அதை மட்டும் மறுபடி செய்து காட்டினால் போதும்” என்றாள் அவள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஆறாம் வகுப்பில் அவனுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது, நல்ல பிள்ளை. பரிவின் பேரிலும், பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டின் பேரிலும், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ‘தேர்ச்சி’ என்று என் கையால் எழுதினேன். சட்டத்தின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. மேலே அனுப்பு என்றுதான் விதி சொல்லிற்று. கழித்தலைக் கற்பிக்காதே என்று எந்த விதியும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் இயற்கணிதம் என்னும் தடையின் முன் அவன் நின்றுவிட்டான். பள்ளியை விட்டும் போய்விட்டான். பல ஆண்டுகளுக்குப் பின் பெரிய மார்க்கெட்டில் ஒரு கடையில் அவனைக் கண்டேன். எழுந்து நின்று வணங்கினான். காய்க்குப் பணம் கொடுத்தபோது, “மீதியைப் பையன் பார்த்துத் தருவான் ஐயா, எனக்குக் கணக்கு வராது” என்று சிரித்தான். அச்சிரிப்பில் குறை ஏதும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்பிய திருவிளையாடலை நாம் அறிவோம். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாயின. இறைவன் செய்தால் அது லீலை. தலைமையாசிரியன் செய்தால் அதற்கு என்ன பெயர்?

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அக்குதிரைப் பள்ளியில் ஒரே படியில் பத்து வயதுச் சிறுமியும் நாற்பது வயது அம்மையாரும் சேர்ந்து பயில்கிறார்களாம். ஆகவே ஒரு படியில் சிறிது காலம் தங்குவது அங்கே அவமானம் ஆகாது. நம் பள்ளிகளிலோ தங்குவது என்றால் தோழரை இழப்பது. அந்த அவமானத்துக்கு அஞ்சியே நான் கையொப்பமிட்டேன். குதிரையேற்றம் செலவு மிகுந்த கலை, எல்லார்க்கும் கிட்டாது. படிகளை அமைத்த முறைக்கு மட்டும் செலவு ஒன்றும் இல்லை.

நம் நகருக்கு வடக்கே ஆரோவில் செம்மண் நிலத்தில் ரெட் எர்த் என்னும் பெயரிலேயே ஒரு குதிரையேற்றப் பள்ளி உண்டு. அப்பக்கத்து லாயம் ஒன்றுக்கு, வெயில் ஏறுமுன், பேர்த்தியை அழைத்துச் சென்றேன். அவள் சேணத்தைக் கேட்கவில்லை. ஒரு செந்நிறக் குதிரையின் தோளிலிருந்து கை வைத்து, முதுகு வழியே தடவி, பின்னங்கால் வரை மெல்ல இறக்கினாள். அது தானே காலைத் தூக்கிக் கொடுத்தது. உள்ளிருந்து சுண்டைக்காய் அளவு செம்மண் கல் ஒன்றை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

நானும் செய்து பார்க்கிறேன் என்றேன். குதிரைக்காரர் சிரித்துக்கொண்டே குளம்புக் கொக்கியை என்னிடம் நீட்டினார். அறுபத்தாறு வயது முதுகை வளைத்து, நேரே காலைப் பிடித்தேன். குதிரை அசையவில்லை.

“தோளிலிருந்து தொடங்குங்கள், தாத்தா” என்றாள் பேர்த்தி.

தோளிலிருந்து தொடங்கினேன்.